ஜப்பானியர் இல்லத்தில் விருந்தினராய்

2016-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜப்பான் நாட்டின் நாகசாகி நகரில் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. குன்றுகளின் சரிவில் படிப்படியாய் ஏறிச் செல்லும் அந்நகரில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், நம்மையும் நமக்கு வழித்துணையாக இருந்த ஜப்பானியக் குருவானவரையும் மாலை உணவுக்கு அழைத்திருந்தார். ஆசிரியரும், அவருடைய துணைவியாரும், எண்பது வயதைக் கடந்த அவருடைய அன்னையாரும் வாசலில் நின்று நம்மை வரவேற்றனர். உணவு சிறந்ததாக இருந்தது. உபசரிப்போ அதனினும் சிறந்ததாக இருந்தது.

உணவின் நடுவே அன்னையார் நம் ஊரைப்பற்றி ஏதோ வினவினார். விடை கூறும் ஆவலில், கையிலிருந்த உண்குச்சிகள் இரண்டையும் சோற்றுக் கிண்ணத்தின் நடுவில் செங்குத்தாக ஊன்றி வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினோம். பேச்சு சட்டென்று நின்றது. அன்னையார் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். ஆசிரியரின் துணைவியார் புன்னகை மாறாமல் எழுந்து வந்து, குச்சிகளை வைப்பதற்கென்று மேசைமேல் இருந்த சிறு பீங்கான் தாங்கியை நம் கைக்கு அருகில் நகர்த்தி வைத்தார். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாம் குச்சிகளை எடுத்துத் தாங்கியின்மேல் வைத்தோம். பேச்சும் மெல்லத் தொடர்ந்தது.

திரும்பும் வழியில்தான் குருவானவர் நமக்கு விளக்கினார். நாம் செய்தது வெறும் நாகரிகக் குறைவு அன்று. விருந்துக்கு அழைத்த வீட்டில், அவர்கள் உண்ணும் மேசைமேலேயே, சாவுச் சடங்கு ஒன்றை நடத்திக் காட்டிவிட்டோம்! கேட்டதும் நாம் நடுங்கிப்போனோம். "உடனே திரும்பிச் சென்று மன்னிப்புக் கேட்டு வருவோமா, சுவாமி?" என்று வினவினோம். "வேண்டாம் சுவாமி. அவர்கள் மறக்க விரும்புவதை மீண்டும் அவர்கள் முன் கொண்டுபோய் வைத்ததாகிவிடும். இனி அறிந்து நடந்தால் போதும்" என்றார் அவர்.

அந்த அறிவுரையை ஏற்று, அடுத்து வந்த நாட்களில் நாம் கேட்டும் கண்டும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம். இன்று நம் குடும்பங்களிலிருந்தும் இளைஞர் பலர் வேலைக்காகவும் கல்விக்காகவும் ஜப்பான் செல்கின்றனர். நமக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேராதிருப்பதாக.

சாவை நினைவூட்டும் செயல்கள்

ஜப்பானியர் இல்லத்தில் ஒருவர் இறந்தால், அவர் உண்டு வந்த கிண்ணத்தில் சோற்றைக் குவித்து, அதன் நடுவில் உண்குச்சிகளைச் செங்குத்தாக ஊன்றி, உடலின் தலைமாட்டில் வைப்பது பௌத்த மரபு. தலையணையருகே வைக்கப்படுவதால் அதற்குத் தலையணைச் சோறு என்றே பெயர். ஆகையால் உயிரோடு இருப்போர் உண்ணும் பந்தியில் குச்சிகளை ஊன்றி வைப்பது, அங்கே ஒரு பிணம் கிடப்பதாக நினைவூட்டுவதற்குச் சமம்.

இரண்டாவது செயல், ஒருவர் குச்சியால் எடுத்த உணவை மற்றவர் தம் குச்சியால் வாங்கிக்கொள்வது. ஜப்பானில் இறந்தோரில் ஏறத்தாழ அனைவரும் எரியூட்டப்படுகின்றனர். எரியூட்டிய பின்னர் உற்றார் உறவினர் சூழ்ந்து நின்று, எஞ்சிய எலும்புகளைக் குச்சிகளால் எடுத்துக் கலசத்தில் இடுகின்றனர். இருவர் சேர்ந்து ஓர் எலும்பை எடுப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு மாற்றுவதும் அப்பொழுது வழக்கம். கால் எலும்பில் தொடங்கித் தலை எலும்பில் முடிப்பர்; கலசத்தினுள்ளும் இறந்தவர் தலைகீழாக இருத்தல் ஆகாது என்பது அவர்தம் எண்ணம். பெற்ற தாயின் எலும்பை இவ்வாறு தம் கையால் எடுத்து வைத்த ஒருவர் முன்னிலையில், மீன் துண்டு ஒன்றைக் குச்சிக்குக் குச்சி மாற்றினால் அவர் உள்ளம் என்ன பாடுபடும்! பிறருக்கு உணவு தர விரும்பினால், அதை அவருடைய தட்டில் வைத்துவிடுவதே முறை.

அன்பளிப்பிலும் இதே கவனம் தேவை. ஜப்பானிய மொழியில் நான்கு என்னும் எண்ணுக்குரிய 'ஷி' என்ற ஒலியே சாவையும் குறிக்கும். எனவே விருந்துக்குச் செல்கையில் இனிப்பு முதலிய சிறு பொருளைக் கொண்டுபோவது நன்று. ஆனால் நான்காக எதையும் கொடுத்தல் ஆகாது. கொடுக்கும்போது இரு கைகளாலும் கொடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டவர் அதை நம் முன்னிலையில் பிரித்துப் பாராவிட்டால், மகிழவில்லை என்று எண்ண வேண்டாம். அது அவர்தம் அடக்கம்.

வெளிநாட்டவர் நன்கு உணர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜப்பானியர் தம் விருந்தினரை வெளிப்படையாகத் திருத்துவது அரிது. பிறர் முன்னிலையில் விருந்தினருக்குத் தலைகுனிவு உண்டாக்குவதைவிடத் தாம் நோவதே மேல் என்று பொறுத்துக்கொள்வர். பீங்கான் தாங்கியை நகர்த்தி வைத்த அந்த அம்மையார் செய்ததும் அதுவே. புன்னகையைக் கண்டு, எல்லாம் சரியாக நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் சொல்லமாட்டார்கள், ஆகையால் நாம்தான் முன்னதாகவே கற்றுக்கொள்ள வேண்டும்.

வாசல் முதல் இருக்கை வரை

வீட்டு வாசலைக் கடந்ததும் தாழ்வான சிறு தளம் ஒன்று இருக்கும். காலணிகளை அங்கேயே கழற்றிவிட்டு, மேல் தளத்தில் கால் வைக்க வேண்டும். கழற்றிய காலணிகளின் முனை வாசலை நோக்கி இருக்குமாறு திருப்பி வைப்பது நற்பழக்கம். உள்ளே நடப்பதற்கு வீட்டார் செருப்புத் தருவர். ஆனால் 'தாதாமி' எனப்படும் கோரைப்பாய் விரித்த அறையினுள் அச்செருப்பும் செல்லலாகாது. காலுறையோடுதான் செல்ல வேண்டும். கழிப்பறைக்கெனத் தனிச் செருப்பு உண்டு. அதை மறந்து, அணிந்தவாறே விருந்து அறைக்கு வந்து நின்று வெட்கிய வெளிநாட்டவர் பலர்.

அறையினுள் நுழைந்ததும் நாமாக ஓரிடத்தில் அமர்ந்துவிடக் கூடாது. வாசலுக்குத் தொலைவில், ஓவியமோ மலர்களோ அழகுற வைக்கப்பட்ட மாடத்துக்கு அருகில் உள்ள இடமே மதிப்புக்குரியது. அது பெரும்பாலும் விருந்தினருக்கே அளிக்கப்படும். எனினும், 'அமருங்கள்' என்று அவர்கள் காட்டும்வரை காத்திருத்தல் வேண்டும். மண்டியிட்டுக் குதிகால்மேல் அமர்வதே முறையான அமர்வு. கால் மரத்துப்போகும் என்பதை வீட்டாரும் அறிவர். வசதியாக அமருமாறு கூறியபின் ஆண்கள் சம்மணமிட்டு அமரலாம். தரையில் அமர்ந்து உண்டு பழகியவர்க்கு இது கடினமன்று.

ஈர ஆவி பறக்கும் சிறு துவாலை ஒன்று தரப்படும். அது கைகளைத் துடைப்பதற்கு மட்டுமே. முகத்தையும் கழுத்தையும் அதனால் துடைப்பது அழகன்று.

உண்பதற்கு முன்னும் பின்னும்

உண்ணத் தொடங்குமுன் ஜப்பானியர் அனைவரும் 'இததாகிமாசு' என்று கூறுகின்றனர். பலர் கைகூப்பியும் தலை தாழ்த்தியும் கூறுவர். 'பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்பது இதன் பொருள். இதன் வேர்ச்சொல்லுக்குத் தலைமேல் வைத்துக்கொள்ளுதல் என்பது பழம்பொருள். மேலோர் தந்ததை உயர்த்தித் தலைமேல் கொள்ளும் வழக்கத்திலிருந்து பிறந்தது இச்சொல். தமிழில் சிரமேற்கொள்ளுதல் என்கிறோம் அல்லவா? அதே கருத்துத்தான். பயிரிட்ட உழவர், வலை வீசிய மீனவர், சமைத்த கை, உணவாகத் தன்னையே தந்த உயிர் ஆகிய அனைத்துக்கும் உரிய நன்றி அந்த ஒரு சொல்லில் அடங்கியிருப்பதாக விளக்குவர்.

உண்டு முடித்தபின் 'கொச்சிசோசாமா' என்று கூறுகின்றனர். அதில் உள்ள 'சிசோ' என்னும் சொல்லுக்கு, அங்குமிங்கும் ஓடுதல் என்பது பொருள். விருந்தினருக்காகக் குதிரையேறி அலைந்து பொருள் திரட்டிய பண்டைக் காலத்து நினைவு அது. 'எமக்காக இவ்வளவு ஓடியாடினீர்களே, நன்றி' என்று கூறுவதற்கு ஒப்பாகும். ஜப்பானிய மொழியில் வேறெதுவும் தெரியாதவரும் இவ்விரு சொற்களைக் கற்றுக்கொண்டு சென்றால், வீட்டார் முகம் மலர்வதைக் காண்பர்.

இந்த நன்றியுணர்வுக்குப் பௌத்த மடங்களில் நெடிய வரலாறு உண்டு. சென் பௌத்தத் துறவியாகிய தோகன் 1237-ஆம் ஆண்டில் மடத்துச் சமையற்பொறுப்பாளருக்கும், 1246-இல் உண்ணும் துறவியருக்கும் ஒழுங்குகளை வகுத்து எழுதினார். கிண்ணத்தை எடுப்பதும் வைப்பதும் கழுவுவதும்கூட அங்கே அமைதியாக, மனம் ஒன்றிச் செய்யப்பட வேண்டியவை. உணவு நம் கைக்கு வருமுன் எத்தனை பேர் உழைத்தனர் என்பதை உண்ணுமுன் நினைத்துப் பார்ப்பதும் அவ்வொழுங்கில் அடங்கும்.

கிண்ணமும் குச்சியும்

ஒரு சூப்பு, மூன்று கறிவகைகள், அவற்றோடு சோறு என்பது அவர்தம் உணவின் பழைய அமைப்பு. சோற்றுக் கிண்ணம் இடப்புறமும் சூப்புக் கிண்ணம் வலப்புறமும் வைக்கப்படும். சமைத்த சோற்றுக்குரிய 'கோஹான்' என்ற சொல்லே உணவு வேளைக்கும் பெயராக வழங்குகிறது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கிண்ணமும் தனித்தனிக் குச்சிகளும் இருப்பது வழக்கம்.

சோற்றுக் கிண்ணத்தை இடக்கையில் ஏந்தி, வலக்கைக் குச்சிகளால் உண்ண வேண்டும். உணவு வேளையில் இடக்கையை விலக்கி வைத்துப் பழகிய நமக்கு இது முதலில் கூச்சம் தருவது இயல்பே. ஆனால் ஜப்பானில் கிண்ணத்தைக் கீழேயே வைத்துவிட்டு, அதை நோக்கிக் குனிந்து உண்பதுதான் இழுக்கு. சூப்பைக் கரண்டியின்றிக் கிண்ணத்தோடு உயர்த்திப் பருகலாம்; அதில் உள்ள துண்டுகளைக் குச்சியால் எடுத்து உண்ணலாம். பெரிய தட்டுகளை மட்டும் தூக்கலாகாது.

குச்சிகளைக் கையாள்வதில் விலக்க வேண்டியவற்றுக்கு ஒரு நீண்ட பட்டியலே உண்டு. எதை எடுப்பது என்று தெரியாமல் தட்டுகளின்மேல் குச்சியை அலையவிடுதல், உணவைக் குத்தி எடுத்தல், குச்சியால் தட்டைத் தம் பக்கம் இழுத்தல், குச்சி முனையை நக்குதல், குச்சியால் ஒருவரைச் சுட்டிக்காட்டுதல் ஆகியவை அவற்றுள் சில. உணவகங்களில் தரும் மரக்குச்சிகளைப் பிளந்தபின் ஒன்றோடொன்று தேய்ப்பதும் நன்றன்று. 'நீர் தந்த குச்சி மட்டமானது' என்று கூறுவது போலாகும். பொதுத் தட்டிலிருந்து எடுப்பதற்குத் தனிக் குச்சிகள் வைக்கப்பட்டிருந்தால் அவற்றையே பயன்படுத்த வேண்டும்.

வெண்சோற்றின்மேல் சோயாச் சாற்றை ஊற்றிப் பிசைவது வழக்கமில்லை. சாற்றைச் சிறு தட்டில் சிறிதளவே ஊற்றி, மீன் முதலியவற்றை அதில் தொட்டு உண்பர். சுஷி என்னும் உணவைக் கையாலும் எடுத்து உண்ணலாம். சோற்றுப் பக்கத்தை விடுத்து மீன் பக்கத்தைச் சாற்றில் தொடுவது முறை. கிண்ணத்தில் ஒரு பருக்கையும் விடாமல் உண்டு முடிப்பது, சமைத்தவர்க்குச் செய்யும் மரியாதை.

ஒலியைப்பற்றியும் ஒரு சொல். நூடுல்ஸ் வகைகளை அவர்கள் ஓசையெழ உறிஞ்சி உண்பர். அதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. ஆனால் ஏப்பம் விடுவதும், பந்தியில் மூக்குச் சிந்துவதும் மிகவும் அருவருக்கத்தக்கவை. மூக்குச் சிந்த வேண்டுமாயின் எழுந்து அப்பால் செல்ல வேண்டும்.

பிறர் கோப்பையைக் கவனித்தல்

பானம் பருகும் வேளையில் தம் கோப்பையில் தாமே ஊற்றிக்கொள்வது அவர்தம் வழக்கமன்று. அருகில் இருப்பவரின் கோப்பை குறைந்திருக்கிறதா என்று பார்த்து நாம் ஊற்ற வேண்டும். நம் கோப்பையைப் பார்த்து அவர் ஊற்றுவார். அனைவருக்கும் ஊற்றி முடிந்து, 'கம்பாய்' என்று சேர்ந்து கூறும்வரை எவரும் பருகுவதில்லை. மது அருந்தாதவர் தயங்க வேண்டியதில்லை. பணிவுடன் மறுத்துத் தேநீரையோ பழச்சாற்றையோ ஏந்தி அவர்களோடு கலந்துகொள்ளலாம். மேலும் வேண்டாமெனில் கோப்பையைக் காலி செய்யாமல் நிறைவாகவே விட்டுவிட்டால் குறிப்பறிந்துகொள்வர்.

புலால் உண்ணாதவர் அதை விருந்துக்கு முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும். வெளிப்பார்வைக்குக் காய்கறியாகத் தோன்றும் உணவிலும் சூப்பிலும்கூட உலர்ந்த சூரை மீனைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு கலந்திருப்பது பெருவழக்கு. பந்தியில் அமர்ந்தபின் மறுத்தால் வீட்டார் பெரிதும் வருந்துவர். பௌத்த மடங்களின் மரபில் வந்த மரக்கறி உணவும் அந்நாட்டில் உண்டு.

உணவகத்தில் உண்போர் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். பரிமாறியவர்க்கு அன்பளிப்பாகப் பணம் கொடுப்பது அங்கு வழக்கமில்லை. மேசைமேல் பணத்தை விட்டுச் சென்றால், மறந்து போய்விட்டீர் என்று எண்ணிப் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்துவிடுவர். மது விற்கும் சிற்றுணவகங்களில் நாம் கேளாமலே ஒரு சிறு கிண்ணத்தில் தின்பண்டம் வரும்; அதற்கும் விலை உண்டு. ஏமாற்றிவிட்டனர் என்று சினம் கொள்ளல் ஆகாது. அது இருக்கைக்குரிய கட்டணம் போன்றது.

நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்

அந்நியர் ஒருவர் ஜப்பானியர் பந்தியில் எவ்வாறு நடந்துகொள்வது என்னும் கேள்வி புதியதன்று. நம் முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்து கடலோர மக்களிடையே உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார்தாம், 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் ககோஷிமா துறையில் இறங்கி அந்நாட்டில் மறைப்பணியைத் தொடங்கினார். அவருக்குப்பின் சென்ற மறைபரப்பாளருள் சிலர், ஜப்பானியரின் பழக்கவழக்கங்களைக் கற்பதைத் தேவையற்றதாகக் கருதினர். 1579-இல் சேசு சபையின் மேற்பார்வையாளராக அங்குச் சென்ற இத்தாலியர் அலெசாந்திரோ வலிஞ்ஞானோ, இதனால் விளைந்த கேட்டைக் கண்ணாரக் கண்டார். 1581-இல் தம் சபையினருக்காக ஒரு கையேடே எழுதினார். விருந்தினரை எவ்வாறு வரவேற்பது, யார்க்கு எவ்வளவு மரியாதை செய்வது, உணவும் பானமும் எவ்வாறு பரிமாறுவது என்பனவெல்லாம் அதில் அடங்கும். ஜப்பானியர் ஐரோப்பியர் ஆக வேண்டியதில்லை. அங்குச் சென்ற ஐரோப்பியரே அவ்வூர் முறையைக் கற்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

அதே காலத்தில் ஜப்பானில் வாழ்ந்த லூயிஸ் ஃபுரோய்ஸ் என்னும் போர்த்துக்கீசியக் குரு, 1585-இல் இரு நாட்டாரின் வழக்கங்களையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஐரோப்பியராகிய தாங்கள் கைகளால் உண்பதையும், ஜப்பானியர் ஆணும் பெண்ணும் குழந்தைப் பருவம் முதலே இரு குச்சிகளால் உண்பதையும் அதில் குறிப்பிடுகிறார். முள்கரண்டி ஐரோப்பாவில் எங்கும் பரவாத காலம் அது. கையால் உண்போர் குறைந்த நாகரிகத்தினர் என்று பிற்காலத்தில் எண்ணியோர், இதைப் படித்தால் சற்றே தயங்குவர்!

கொடுத்தலும் கொள்ளலும் அன்றே நடந்தன. மாவில் தோய்த்துப் பொரிக்கும் 'தெம்புரா' முறை அக்காலத்துப் போர்த்துக்கீசியரிடமிருந்து ஜப்பானியர் கற்றது. ஆண்டின் நான்கு பருவங்களிலும் வரும் ஒருசந்தி நாட்களைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாக விளக்குவோரும் உண்டு. இன்று அது ஜப்பானியரின் சிறந்த உணவுகளுள் ஒன்று. 2013 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் ஜப்பானியரின் மரபுவழி உணவுப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

மீண்டும் அதே வீட்டில்

இத்தனை விதிகளையும் படிக்கும் வாசகர், "இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொண்டு எவ்வாறு நிம்மதியாக உண்பது?" என்று கேட்கலாம். நாமும் அவ்வாறே கேட்டோம். குருவானவர் சிரித்துக்கொண்டே, "வெளிநாட்டவர் குச்சியை அழகாகப் பிடிக்கவில்லையே என்று யாரும் இங்குக் குறை காண்பதில்லை. பிடிக்கத் தெரியாவிட்டால் கரண்டி கேளுங்கள், மகிழ்ச்சியோடு தருவர். எங்கள் இறந்தோரையும், சமைத்தவரையும், அருகில் இருப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள், மற்றவை தாமே வரும்" என்றார்.

ஊருக்குப் புறப்படும் முன்நாள் ஆசிரியர் நம்மை மறுபடியும் அழைத்தார். இம்முறை காலணிகளைத் திருப்பி வைத்தோம். காட்டிய இடத்தில் அமர்ந்தோம். 'இததாகிமாசு' என்று தலை தாழ்த்திக் கூறினோம். பேச்சு வந்தபோதெல்லாம் குச்சிகளைத் தாங்கியின்மேல் படுக்கையாக வைத்துவிட்டே பேசினோம். எதிரே இருந்த அன்னையார் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதை நாம் அறிவோம். அவர் ஒன்றும் கூறவில்லை. நம் கிண்ணம் காலியானதும், மருமகளை முந்திக்கொண்டு தாமே கை நீட்டி அதை வாங்கிச் சோறு நிரப்பி, இரு கைகளாலும் நம்மிடம் தந்தார். நாமும் இரு கைகளாலும் பெற்றுக்கொண்டோம்.